ஆய்வகத்தில் வளரும் சிறுநீர்ப்பைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து வயது. முதுகுத்தண்டில் பிளவோடு பிறந்தான். பிறந்த சில நாட்களிலேயே ஆபரேஷன் செய்து மூடினார்கள். காலிபர் போட்டு நடக்கிறான், படிப்பில் கெட்டி. சிறுநீர் தானாகப் போகாது; நாங்கள்தான் டியூப் விட்டு எடுக்கிறோம். ஆனாலும் நடுவில் கசிவதால் டயப்பர் இல்லாமல் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. மாத்திரை வருடக்கணக்கில் கொடுத்தோம், போடாக்ஸ் ஊசியும் இரண்டு முறை போட்டோம். சில மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். இப்போது ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. யூரோடைனமிக்ஸ் என்று பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனையில் பை 120 மில்லிக்கு மேல் கொள்ளவில்லை, அழுத்தம் 55 என்று வந்திருக்கிறது. சிறுகுடலில் ஒரு துண்டு எடுத்துப் பையோடு தைத்துப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஆய்வகத்திலேயே சிறுநீர்ப்பை வளர்த்துக் குழந்தைகளுக்குப் பொருத்தியதாகச் சொல்கிறார்கள். நல்ல குடலை ஏன் வெட்ட வேண்டும், அது இந்தியாவுக்கு வரும்வரை இரண்டு மூன்று வருடம் பொறுக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசிக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். என்ன செய்வது? இன்னொன்று, அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாமா, பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்:

அன்புள்ள அம்மா,

காத்திருக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் எழுதப்போகும் சில செய்திகள் கேட்க இனிப்பாக இருக்கும், அதில் இந்த வரி மறந்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 55 என்ற எண். கசிவு, டயப்பர் இவையெல்லாம் பையனின் மனதுக்கும் உங்களுக்கும் பெரிய தொல்லை, மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. 1981-இல் மெக்குவயர் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் இதே நோயுள்ள பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். சிறுநீர் கசியத் தொடங்கும் நேரத்தில் பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவுக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் மேலே சிறுநீரகம் பழுதாகிறது என்று கண்டார்கள். இன்றுவரை நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லைக்கோடு அதுதான். உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான், இடது சிறுநீரகமும் வீங்க ஆரம்பித்துவிட்டது. பத்து வயதுப் பையனின் பை சுமார் 330 மில்லி கொள்ள வேண்டும் (வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள், சுமாரான கணக்கு). இவனுக்கு 120. மீதிச் சிறுநீர் போக இடமில்லாமல் மேலே முட்டுகிறது. இந்த நிலையில் இரண்டு மூன்று வருடம் என்பது சிறுநீரகத்தை வைத்து ஆடும் சூதாட்டம்.

சரி, வீடியோவுக்கு வருவோம். அது பொய் இல்லை. அந்தோனி அட்டாலா என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய வேலை அது. பிறகு அமெரிக்காவில் வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அதைத் தொடர்ந்தார். 2006-இல் லான்செட் இதழில் ஏழு பேரின் விவரத்தை வெளியிட்டார். நான்கு வயது முதல் பத்தொன்பது வயது வரை. ஏழு பேருக்கும் உங்கள் மகனுக்கு இருக்கும் அதே முதுகுத்தண்டுப் பிளவுதான். இதை வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டும். வேறு ஏதோ நோய்க்குச் செய்ததை உங்கள் மகனுக்கு நீட்டிப் பார்க்கிற கதை இல்லை இது. இவனைப் போன்ற பிள்ளைகளிடம்தான் சோதித்தார்கள். அதனால் முடிவும் இவனுக்கு நேராகப் பொருந்தும்.

செய்த விதம் அழகானது. பிள்ளையின் சிறுநீர்ப்பையிலிருந்தே சின்னத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தார்கள். அதில் உள்பக்கத்துத் தோல் போன்ற செல்களையும் தசைச் செல்களையும் தனித்தனியாகப் பிரித்து, கண்ணாடித் தட்டுகளில் பெருக்கினார்கள். கொலாஜனும் உடம்பில் தானாகக் கரையும் ஒரு பாலிமரும் சேர்த்துச் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலச் சிறுநீர்ப்பை வடிவத்திலேயே ஒரு சட்டகம் செய்து, வெளிப்புறம் தசைச் செல்களையும் உட்புறம் மற்றச் செல்களையும் பூசினார்கள். துண்டு எடுத்ததிலிருந்து சுமார் ஏழு வாரத்தில் அது தயாராகி, பிள்ளையின் சொந்தப் பையோடு தைக்கப்பட்டது. வயிற்றுக்குள் குடலுக்கு முன்னால் கொழுப்புத் திரை ஒன்று தொங்கும், ஓமென்டம் என்போம். ரத்த ஓட்டம் கிடைக்கட்டும் என்று சிலருக்கு அதைச் சுற்றிலும் போர்த்தினார்கள். அப்படிப் போர்த்தியவர்களுக்குத்தான் பலன் அதிகம். அவர்களுக்குக் கொள்ளளவு சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடியது. டியூப் விடுவது யாருக்கும் நிற்கவில்லை.

2011-இல் அட்டாலா மேடையில் பேசிய வீடியோவாகத்தான் இருக்கும் உங்கள் தம்பி அனுப்பியது. சிறுவயதில் இந்தச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் அதில் வந்து பேசுவார். அவர் நிஜம், அவருடைய நன்றியும் நிஜம். ஆனால் அதே மேடையில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டுக் காட்டிய சிறுநீரக வடிவம் வேலை செய்கிற சிறுநீரகம் இல்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. வீடியோ வீட்டு வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும், விளக்கம் வராது.

அடுத்து நடந்ததும் வீடியோவில் இருக்காது. டெஞ்சியன் என்ற நிறுவனம் இந்த முறையை மருந்தாக்க முயன்று, முதுகுத்தண்டுப் பிளவுள்ள பிள்ளைகளிடம் இரண்டாம் கட்ட ஆய்வு நடத்தியது. முடிவு 2014-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலும் மூன்று வருடம் கழித்துப் பார்த்தாலும் பையின் கொள்ளளவு கூடவில்லை. பை விரிந்து கொடுக்கும் தன்மையில் சிலருக்கு மாற்றம் தெரிந்தது, அது கணக்கில் நிற்கும் அளவுக்கு இல்லை. நான்கு பிள்ளைகளுக்குக் குடல் அடைப்போ பை கிழிவதோ, கடுமையான சிக்கல் வந்தது. ஆய்வு செய்தவர்களே, ஏற்கத்தக்க பாதுகாப்பு எல்லையை இது தாண்டிவிட்டது என்று எழுதி முடித்தார்கள். அந்த வருடக் கடைசியில் நிறுவனம் திவாலானது. ஆக நீங்கள் எதிர்பார்ப்பது இந்தியாவுக்கு இன்னும் வந்து சேராத ஒன்று இல்லை. அங்கேயே கடைசிப் படி ஏறாமல் நின்றுபோன ஒன்று.

ஏன் நின்றது என்றால், செல் வளர்ப்பது எளிதான பாதி. செல்லுக்கு ஆக்சிஜன் ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவும். பையின் சுவரோ அதைவிடப் பல மடங்கு தடிமன். புதுச் சுவருக்குள் ரத்தக் குழாய் வளர்ந்து வர நாளாகும். நாற்றை நட்டுவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்ட வயல் மாதிரி, நடுவிலிருக்கும் செல்கள் பட்டுப்போகின்றன. அந்த இடத்தை உடம்பு தழும்பால் நிரப்புகிறது, தழும்பு சுருங்குகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எடுத்த செல்லே நரம்பு சரியில்லாத, வருடக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்து இறுகிப்போன ஒரு பையின் செல். நரம்பை யாரும் அதற்குள் வளர்த்துத் தரவில்லை.

அதற்காகச் செல்லிலிருந்து உறுப்பு வளர்க்கும் திசுப் பொறியியலே வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. மெல்லியதும் குட்டையுமான இடங்களில் அது கரை சேர்ந்திருக்கிறது. இதே அட்டாலாவின் குழு, மெக்சிகோ மருத்துவர்களோடு சேர்ந்து ஐந்து சிறுவர்களுக்குப் பழுதான சிறுநீர்ப் பாதைக்குப் பதிலாக, அவரவர் செல்லிலிருந்தே வளர்த்த குழாயைப் பொருத்தியது. ஆறு வருடம் வரை கவனித்ததில் அது அடைபடாமல் வேலை செய்தது (2011-இல் வெளியிட்டார்கள்). ஜப்பானில் உணவுக்குழாயின் ஆரம்பப் புற்றுநோயை எண்டோஸ்கோப்பி வழியாகச் சுரண்டி எடுத்தபின் அந்தப் புண் சுருங்கி விழுங்க முடியாமல் போகும். அங்கே நோயாளியின் வாயிலிருந்து எடுத்த செல்களை மெல்லிய ஏடாக வளர்த்துப் புண்மேல் ஒட்டினார்கள். தட்டைக் குளிர வைத்தால் ஏடு தானாகக் கழன்று வருகிற மாதிரி ஒரு தட்டையே இதற்காகக் கண்டுபிடித்திருந்தார்கள் டோக்கியோவில். 2012-இல் ஒன்பது நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஒரு ஏடு, சில செல் அடுக்கு, கீழே ஏற்கெனவே ரத்தம் ஓடும் தசை. பொருந்திவிட்டது. நிரம்பி, அழுத்தம் ஏறாமல் விரிந்து, பிறகு காலியாகும் ஒரு பையைச் செய்வது இதைவிடப் பல படி கடினம்.

குடலை வெட்டினால் மாற்றுக் குடல் வளர்க்க முடியுமா என்றும் யாராவது கேட்பார்கள். 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் குடலின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடல் உருண்டைகளை வளர்த்துக் காட்டியது. 2022-இல் டோக்கியோவில் பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு அவருடைய செல்லிலிருந்தே வளர்த்த அப்படிப்பட்ட உருண்டைகளைப் புண்ணில் ஒட்டிப் பார்த்தார்கள். அவை கண்ணுக்கு அரிசிக் குறுநொய் அளவுகூட இருக்காது. உணவு நகரும் குழாயாக ஆக இன்னும் வெகுதூரம். அந்தக் கவலை உங்களுக்குத் தேவையும் இல்லை: மீட்டர் கணக்கில் நீளமுள்ள சிறுகுடலில் எடுப்பது ஒரு முழத்துக்கும் குறைவு, மீதி நன்றாகவே சமாளிக்கும்.

2025 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முறையாக ஒரு முழுச் சிறுநீர்ப்பையை மாற்றிப் பொருத்தினார்களே, அதையும் உங்கள் தம்பி அனுப்பக்கூடும். அது இறந்தவர் தானமாகத் தந்த உறுப்பு. உடம்பு அதைத் தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். அந்த நோயாளிக்குச் சிறுநீரகமும் சேர்த்து மாற்றினார்கள், எப்படியும் மாத்திரை எடுக்கப் போகிறவர். உங்கள் மகனுக்கு அந்த விலை நியாயமில்லை.

இப்போது டாக்டர் சொன்ன ஆபரேஷன். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேருமிடத்துக்கு ஒரு சாணாவது முன்னால், சுமார் 25 சென்டிமீட்டர் துண்டை அதன் ரத்தக் குழாய்களோடு சேர்த்தே பிரிப்பார்கள். குடலின் இரண்டு முனைகளையும் திரும்ப இணைத்துவிடுவார்கள். பிரித்த துண்டைக் குழாயாக அப்படியே வைத்தால் அது குடல் மாதிரி சுருங்கிச் சுருங்கி அழுத்தத்தைக் கூட்டும். அதனால் நெடுக வெட்டித் தட்டையாக்கி, மடித்துத் தைத்து ஒரு மூடி மாதிரி செய்து, நடுவில் பிளந்த சிறுநீர்ப்பையின்மேல் கவிழ்த்துத் தைப்பார்கள். ஆய்வகப் பைக்குக் கிடைக்காத ரத்தக் குழாய் இந்தத் துண்டுக்குக் கூடவே வருகிறது. நூறு வருடத்துக்கும் மேலான யோசனை இது. 1972-இல் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர், வீட்டிலேயே சுத்தமாக டியூப் விடும் முறையை எழுதிய பிறகுதான் இது உண்மையில் பயன்படும் சிகிச்சையானது. நீங்கள் தினமும் செய்வது அவர் வழிதான்.

குறை இல்லாத ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடல் எங்கே போனாலும் குடல்தான், கோழை சுரந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் டியூபில் வெள்ளைச் சளி நூல்நூலாக வரும், சில நாள் டியூபையே அடைத்துவிடும். பெரிய சிரிஞ்சில் சலைன் ஏற்றி, மெதுவாக இழுத்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். இதில் சோம்பல் பட்டால் கல் வரும். திரும்பக் கல் வந்து நிற்கிற பிள்ளைகளில் பலர் கழுவுவதை விட்டவர்கள். குடல் துண்டு சிறுநீரிலிருந்து அமிலத்தை உறிஞ்சும், சிலருக்குச் சோடா உப்பு மாத்திரை தேவைப்படும். சில வருடம் கழித்து பி12 குறையலாம், வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தைத்த இடம் கிழிவதுதான் நான் பயப்படுவது. டியூப் போடாமல் நேரம் தவறி பை நிரம்பி நின்றால் அது நடக்கலாம். இடுப்புக்குக் கீழே உணர்வு குறைந்த பிள்ளைக்கு வயிற்று வலி சரியாகத் தெரியாது. காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல் என்றால் ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் வைத்திருக்காமல் கொண்டு போங்கள், குடல் வைத்துத் தைத்த பை என்று வாசலிலேயே சொல்லுங்கள். பல வருடம் கழித்து அரிதாகப் புற்றுநோய் வருவதும் உண்டு. அதனால் பெரியவனான பிறகும் சிறுநீரில் ரத்தம் கண்டால் எண்டோஸ்கோப்பி பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு குறையும் எங்களுக்குத் தெரிந்தவை, வந்தால் என்ன செய்வது என்பதும் தெரியும். ஆய்வகப் பையின் குறைகளை ஒவ்வொரு பிள்ளையின் உடம்பிலும்தான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் தேர்வு செய்ய வேண்டுமென்றால் யோசிக்க மாட்டேன்.

உங்கள் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். 1980-இல் பிரான்ஸின் அறுவை மருத்துவர் மித்ரொஃபனாஃப் சொன்ன வழி ஒன்று உண்டு: குடல்வாலை ஒரு பாதையாக்கி, பையிலிருந்து தொப்புளுக்குக் கொண்டுவந்துவிடலாம். காலிபரைக் கழற்றாமல், ஸ்கூல் பாத்ரூமில் சட்டையைத் தூக்கி, அவனே டியூப் விட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் இது வேண்டாம். ஆனால் அடுத்த வருடம் ஹைஸ்கூல் போகும் பையனுக்கு அம்மா வந்து டியூப் போடுவது எத்தனை நாள் நடக்கும், நீங்களே யோசியுங்கள். இதே ஆபரேஷனில் சேர்த்துச் செய்ய முடியும். தலையில் ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்திருந்தால் அதையும் முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். ரப்பர் கையுறை, ரப்பர் டியூப், பலூன் இவற்றில் தடிப்பு, தும்மல் வந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை சகஜம், மயக்க மருந்து மேஜையில் அது ஆபத்தாகிவிடும். ரத்தத்தில் கிரியாட்டினினும், இரண்டு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஸ்கேனும் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

மூன்று லட்சம் கிளினிக் விஷயத்தில் நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர ஸ்டெம் செல்லை வேறு எதற்கும் சிகிச்சையாக விற்கக் கூடாது, பதிவு செய்த ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஒரு எண் இருக்கும், நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். அங்கே போய் அந்த எண்ணைக் கேளுங்கள், மூன்று லட்சம் எதற்கென்றும் கேளுங்கள். ஸ்டாக்ஹோமில் பேர்பெற்ற மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல் தடவிப் பொருத்திய மக்கியாரினி என்ற அறுவை மருத்துவருக்கு 2023-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. அங்கே அப்படிப் பொருத்திக்கொண்ட மூன்று பேரும் இறந்துபோனார்கள். பெரிய இடத்திலேயே இப்படி நடக்கும்போது ஒரு தெருக்கோடிக் கிளினிக்கை யார் கண்காணிப்பார்கள்?

இப்போது குடலை வைத்துத் தைத்துவிட்டால் பிற்காலத்தில் நல்ல ஆய்வகப் பை வந்தால் கதவு மூடிவிடுமே என்ற பயம் வேண்டாம். குடல் துண்டை எடுத்துவிட்டு வேறொன்றைத் தைக்க முடியும். கெட்டுப்போன சிறுநீரகத்தைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்த குழந்தை: முயற்சி செய்யலாம், தாராளமாக. ஒரு பிள்ளை இப்படிப் பிறந்த வீட்டில் அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சில பேருக்குத்தான். ஃபோலிக் அமிலம் அதையும் வெகுவாகக் குறைக்கிறது. 1991-இல் பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார் தினம் 4 மில்லிகிராம் எடுத்தபோது நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாகக் குறைந்தது. நம் ஊரில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை போதும். கர்ப்பம் தெரிந்த பிறகு ஆரம்பித்தால் பிரயோஜனம் குறைவு, ஏனென்றால் முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்த நான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடும், அப்போது பல பேருக்குத் தள்ளிப்போனதே உறைத்திருக்காது. ஆகவே முயற்சியைத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்குங்கள், பன்னிரண்டு வாரம் வரை தொடருங்கள். வலிப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள், சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.